எரிமலைக் கத்தியும் ஒரு பிரிவுபசார விருந்தும்

கல்லுக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணி. அண்ணி என்றால் அவள் கணவரின் அக்கா. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கல் அறுக்கும் மெஷின் ஒன்றும், மெருகேற்றும் சக்கரங்கள் சிலவும் வைத்துக்கொண்டு, பதக்கம், மணி, மேசைமேல் வைக்கிற பேப்பர் வெயிட் என்று அவள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணியோ, “எங்க தம்பி பொண்டாட்டி கல்லு உடைக்கிறா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

“கல்லு உடைக்கிறது வேற, பட்டை தீட்டுறது வேற அண்ணி.”

“ரெண்டுலயும் கல்லு இருக்குல்ல? அப்புறம் என்ன?”

இதற்கு மேல் அண்ணியிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் யாரும் கிடையாது. அண்ணியின் கணவர் முயற்சிகூடச் செய்ததில்லை. எதைக் கேட்டாலும் “ம்” என்பார். சந்தோஷத்துக்கு ஒரு ம், துக்கத்துக்கு ஒரு ம், சட்டை பிடித்திருக்கிறதா என்றால் ஒரு ம். குழந்தைகள் அவரை ‘ம் மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் பெரியவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

கல்லுக்காரிக்கு எல்லாக் கல்லும் பிடிக்கும். ஆனால் உயிர் என்றால் அப்சிடியன்தான், அந்த எரிமலைக் கண்ணாடி. கொட்டகையில் அதற்கென்றே ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கியிருந்தாள். கறுப்பில் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடப்பது போல ஒரு வகை. செம்பழுப்பு வரி ஓடும் ஒரு வகை. சாய்த்துப் பிடித்தால் உள்ளே தங்கப்பொடி தூவியது போல மினுங்கும் இன்னொன்று. எல்லாவற்றிலும் கள்ளத்தனமானது வானவில் வகை. நிழலில் வைத்தால் அடுப்புக்கரி மாதிரி பேசாமல் கிடக்கும். வெயிலில் திருப்பினால் பச்சை, ஊதா, பொன் என்று வட்டம் வட்டமாக நிறம் காட்டும். அதில் ஒரு பதக்கம் செய்து அண்ணியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அண்ணி அதை வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

“கரியா?”

“வெயில்ல பாருங்க அண்ணி, வானவில் தெரியும்.”

“நான் என்ன நாள் பூரா மொட்டை மாடியிலயா நிக்கிறேன்?”

பதக்கம் பீரோவுக்குள் போனது. பிறகு அது வெளிச்சத்தைப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

கல்லுக்காரியின் கணவர் ஒரு விருந்து மண்டபத்தில் தலைமைச் சமையல்காரர். சமையலறையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கைமணம் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. கொதித்தால் மண்டபமே அதிரும். அடுத்த நிமிடமே ஆறிப்போய், “சரி விடு, டீ குடிப்போம்” என்பார். இந்தக் கல்லைப் பற்றி வெளியாட்கள் யார் கேட்டாலும் கல்லுக்காரி அவரைத்தான் உதாரணம் காட்டுவாள். “எரிமலைக் குழம்பு மெதுவா ஆறினா உள்ள படிகம் வளரும், அது சாதாரணப் பாறை. இது எங்க வீட்டுக்காரர் மாதிரி. சடார்னு ஆறிடும். படிகம் கட்ட நேரமே கிடைக்காது. அதனாலதான் கண்ணாடியாவே நின்னு போச்சு.”

மாஸ்டருக்கு ஒரு நிரந்தரக் குறை இருந்தது. கத்தி. எந்தக் கத்தி வாங்கினாலும் நாலு நாளில் மழுங்கிவிடுகிறது என்று வீட்டில் வந்து புலம்புவார். கல்யாண நாள் நெருங்கியபோது கல்லுக்காரிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வாரம்தான் ரொட்டி அளவுக்கு ஒரு நல்ல கறுப்புக் கட்டி அவளுக்கு வந்திருந்தது.

கொல்லையில் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கவசம், மூக்குக்குத் துணி, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, மடியில் தடித்த தோலை விரித்து வேலையை ஆரம்பித்தாள். கட்டியிலிருந்து ஒரு நீளமான சில்லைத் தட்டி எடுத்து, அதன் ஓரத்தைச் செம்புக் கம்பியின் முனையால் அழுத்துவாள். டிக். மீன் செதில் போல ஒரு சிறு சில்லு பறக்கும். அது பறந்த இடம் சிப்பியின் உள்பக்கம் போல அலை அலையாக வழவழவென்று இருக்கும். மறுபடி டிக். முதல் கத்தி முக்கால்வாசி முடிந்த நேரத்தில் இரண்டாகப் போனது. அடுத்தது அவளுக்கே பிடிக்கவில்லை. அதற்கடுத்தது நின்றது. மரப்பிடி போட்டு, பிசின் வைத்துக் கட்டி, மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

“உருப்பெருக்கியில பாருங்க. ஸ்டீல் கத்தி ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருக்கும். இதுல பல்லே இல்ல. இதைவிடக் கூர்மையா ஒண்ணு உங்களுக்கு எங்கயும் கிடைக்காது. ஆனா…”

“ஆனா?”

“வீட்டுல வச்சு அழகு பார்க்கத்தான் இது. ஆசைக்குத் தக்காளி, வெள்ளரிக்காய் நறுக்குங்க. எலும்பு கூடாது, கொட்டை கூடாது. நெம்பக் கூடாது, திருகக் கூடாது. சூடு காட்டக் கூடாது. மண்டபத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போகவே கூடாது. இது வளையாது. உடையும். உடைஞ்சா கண்ணாடி.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் மாஸ்டர்.

தக்காளியை நறுக்கிப் பார்த்தார். சீவல் வழியாகச் சுவர்க் காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. குதூகலம் தாங்காமல் வெங்காயம் முழுவதையும் நறுக்கித் தள்ளினார். நடுவில் நிறுத்தி, “வெங்காயத்துல யாரு தக்காளி போட்டது?” என்று கேட்டார். யாரும் போடவில்லை. அவர் விரல்தான் வெட்டுப்பட்டிருந்தது. வலியே தெரியவில்லையாம். கட்டுப் போடும்போதும் வாயெல்லாம் பல்லாக, “பாத்தியா கூர்மையை!” என்று தன் விரலையே சான்றாக நீட்டினார்.

இந்த நேரத்தில்தான் ம் மாமாவுக்கு ஓய்வு வந்தது. நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர் அவர். பிரிவுபசார விருந்தை அண்ணி தன் தம்பியின் மண்டபத்திலேயே ஏற்பாடு செய்தாள். என்னென்ன சமைக்க வேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். “சூப், வறுத்த கோழி, சாதம், கேக். கடைசியில பழ சாலட். அது இல்லன்னா உங்க அத்தானுக்கு விருந்தே விருந்து இல்ல. பாத்துப் பண்ணு. என்னங்க, சரிதானே?”

“ம்,” என்றார் ம் மாமா.

விருந்தன்று மதியம் கல்லுக்காரி பட்டுச்சேலை உடுத்தி, முன்வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் தெருவிளக்குப் பிரிவின் மேலதிகாரி மாலை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து உதவிச் சமையல்காரர் ஓரமாக நடந்து வந்தார். தீப்பிடித்தாலும் நடந்துதான் போவார் என்பதால் அவருக்குப் பொறுமை என்று பெயர். குனிந்து அவள் காதில் சொன்னார்:

“மாஸ்டர் உங்களைக் கூப்பிடுறார். அவசரமாம். தனியா வரணுமாம்.”

“அவசரம்னா ஓடி வந்திருக்கக் கூடாதா?”

“ஓடினா எல்லாரும் பாப்பாங்களே.”

சமையலறையில் மாஸ்டர் அசையாமல் நின்றிருந்தார். வலது கையில் எரிமலைக் கத்தி. அதற்கு முனை இல்லை.

“இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?”

“பசங்களுக்குக் காட்டலாம்னு… அலங்காரத்துக்குப் பழம் சீவலாம்னு…” குரல் தேய்ந்தது. “தர்பூசணி சீவிட்டு இருந்தேன். மேசை விளிம்புல லேசாப் பட்டுது. அவ்வளவுதான். தானா உடைஞ்சிடுச்சு.”

“தானா?”

“தானாதான்!”

மேசையில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு பாத்திரம் நிறையப் பழ சாலட். அதற்குப் பக்கத்தில் மூடாத சூப் அண்டா. மறுபக்கம், ‘ஒளி தந்தவருக்கு நன்றி’ என்று கிரீமில் எழுதிய கேக். கல்லுக்காரி மூன்றையும் பார்த்தாள். பிறகு பட்டுச்சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

“யாரும் நகராதீங்க. எதையும் துடைக்காதீங்க. ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு டார்ச், பிசைஞ்ச மாவு ஒரு உருண்டை கொடுங்க.”

மாவு உருண்டையை மேசையெங்கும் ஒற்றி ஒற்றி எடுத்தாள். டார்ச்சைப் படுக்கைவசத்தில் பிடித்ததும் சில்லுகள் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டின. கட்டியாக இருக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்கிற இந்தக் கல், மெல்லிய சில்லானதும் புகை படிந்த கண்ணாடி போல ஆகிவிடும். பழச்சாற்றில் விழுந்தால் சத்தியமாகக் கண்ணுக்குத் தெரியாது. கிடைத்ததையெல்லாம் தட்டில் வைத்து, கைப்பையில் எப்போதும் கிடக்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, உடைந்த கத்தியோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ஒரு சில்லின் அலை முடிகிற இடத்தில் அடுத்ததன் அலை தொடங்கும். பொருந்தினால் முடி நுழைய இடம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தி வளர்ந்து, கிட்டத்தட்ட முழுசானது.

“வந்துடுச்சு! நான்தான் சொன்னேனே!” என்றார் மாஸ்டர்.

“வரல. முனையைப் பாருங்க.”

நுனியில் நகத்துண்டு அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

“அவ்வளவு சின்னதுதானே…”

“உங்க வயித்துல போனா சின்னதுன்னு சொல்லுவீங்களா?”

வெளியே கைத்தட்டல் கேட்டது. மேலதிகாரி பேசி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்து ம் மாமா ஒரு வார்த்தை நன்றி சொல்வார். அவர் விஷயத்தில் அது நிஜமாகவே ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் சாப்பாடு.

“நேரம் வேணும். அண்ணனைப் பேசச் சொல்லுங்க,” என்றாள் கல்லுக்காரி.

“யாரை? அத்தானையா? அதுக்குப் பதிலா தூணைப் பேசச் சொல்லலாம்.”

வேறு வழியில்லை. பொறுமையைத் தூது அனுப்பினார்கள். அவர் நிதானமாக மேடையேறி, ம் மாமாவின் காதில், “சாப்பாடு தயாராகலை, நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, அதே நிதானத்தோடு இறங்கி வந்தார்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று ம் மாமாவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மைக்கில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. சமையலறையில் இருந்தவர்களுக்கே யார் குரல் என்று பிடிபடவில்லை.

“நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னை ஒரு கம்பத்துல ஏத்திட்டு ஏணியை எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ம் மாமாவுக்கு ருசி தட்டிவிட்டது.

தன் படுக்கையறைக்குள் வெளிச்சம் விழுகிறது என்று தெருவிளக்கின் மேல் சட்டையைப் போர்த்திவிட்டுப் போனவரைப் பற்றிச் சொன்னார். ஒரே கம்பத்தடியில் சண்டை போட்டு, ஒரே கம்பத்தடியில் சமாதானமான ஜோடிக்காக அந்த விளக்கை மட்டும் பழுதே ஆகாமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். இவ்வளவு காலமாக உள்ளே தேங்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்தது போல வந்தது. ஜனங்கள் பசியை மறந்து கேட்டார்கள்.

மறக்காத ஒரே ஆள் அண்ணி. சமையலறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்னடா நடக்குது? அந்த மனுஷன் பேசறாரு! யாரு சொல்லிப் பேசறாரு?” தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவியைப் பார்த்தாள். “பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு என்ன தேடுறே?”

“கல்லு, அண்ணி.”

“இங்கயும் கல்லா!”

கல்லுக்காரி எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாயிற்று, ஒரு சில்லு கிடைக்கவில்லை, அதனால் திறந்திருந்த எதையும் பரிமாற முடியாது என்றாள். மாஸ்டர் கொதித்தார்.

“சூப்பைக் கொட்டவா? கேக்கைக் கொட்டவா? என் பேரு என்னாகும்? இத்தனை பேரு பார்க்க…”

“இத்தனை பேரு வயித்துல கண்ணாடி போனா உங்க பேரு என்னாகும்?”

மாஸ்டர் பாத்திரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஆறினார். சூப் சாக்கடைக்குப் போனது. கேக் நன்றியோடு சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போனது. ஆனால் பழ சாலட்டை மட்டும் மாஸ்டர் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இது அத்தானுக்காக. விடியறதுக்கு முன்னால எழுந்து செஞ்சேன்.”

அண்ணியும் சேர்ந்துகொண்டாள். “அது அவருக்கு உசுரு. வடிகட்டியாவது கொடு. மாசாமாசம் வீட்டுல ஒரு சட்டி சாப்பிடுவாரு, தெரியுமா?”

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பாலிருந்து மைக் சொன்னது:

“கடைசியா ஒரு விஷயம். எனக்குப் பழ சாலட் பிடிக்கவே பிடிக்காது.”

அண்ணி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணமான புதுசுல வீட்டுல செஞ்சு கொடுத்தாங்க. நல்லா இருக்கான்னு கேட்டாங்க. ம்னு சொன்னேன். அந்த ஒரு ம்முக்கு இத்தனை காலமாத் தின்னுட்டு இருக்கேன். எனக்குப் பிடிச்சது பொரிச்ச உருளைக்கிழங்குதான். பொன்னிறமா, மொறுமொறுன்னு, மேல கொஞ்சம் உப்பு.”

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மாஸ்டரின் கைகள் தாமாகத் தளர்ந்தன. அண்ணி பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

சாலட்டைக் கொட்டப் போனால் குப்பைத்தொட்டியில் இடமில்லை. பொறுமை கரண்டியால் தோல்களை ஒதுக்கி அமுக்கினார். டிக்.

அந்தச் சத்தம் கல்லுக்காரிக்கு மட்டும்தான் கேட்டது. “நில்லுங்க!” என்று பாய்ந்து போய் டார்ச் அடித்தாள். தோல்களுக்கு நடுவே ஒரு மாம்பழக் கொட்டை. அதன் நடுவில், பல் முளைத்தது போல, ஒரு கறுப்புச் சில்லு ஆழமாகக் குத்தி நின்றது. இடுக்கியால் பிடுங்கிக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தாள். துளிகூட இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

கல்லுக்காரி மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“தர்பூசணிக்கு எப்பலேருந்துங்க இவ்வளவு பெரிய கொட்டை?”

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“கொட்டையில குத்துனீங்களா?”

“லேசா.”

“நெம்புனீங்களா?”

“கொட்டை சுலபமா வந்துடும்னு… பாத்திரத்துக்கு மேல வச்சுக் கொஞ்சம் திருகவும் செஞ்சேன்.”

“முதல்லயே சொல்லியிருந்தா நேராத் தொட்டியில தேடியிருப்பேனே! கொட்டைக்குள்ளயே முனை நின்னிருக்கு, மிச்சம் உங்க கைக்குக் கீழயே விழுந்திருக்கு. சூப்புக்கும் கேக்குக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. பாத்திரத்துக்கு மேல வச்சுத் திருகுன பாவத்துக்கு சாலட் மட்டும்தான் போயிருக்கும்!”

“நீ திட்டுவேன்னுதான் கொட்டையை ஒளிச்சு வச்சேன்,” என்றார் மாஸ்டர் பரிதாபமாக. பொறுமை வாழ்க்கையில் முதல் தடவையாக அவசர அவசரமாக அந்த இடத்தை விட்டு நகர்ந்து, கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று சிரித்துக் குலுங்கினார்.

அப்புறம் நடந்தது மாஸ்டருக்கே உரிய வேகம். மேசை மூன்று முறை கழுவப்பட்டது. எண்ணெய் கொதித்தது. மூட்டை உருளைக்கிழங்கு இரும்புக் கத்தியில் துண்டாகி, பொன்னிறமாகி, தட்டுத் தட்டாக மண்டபத்துக்குப் போனது. அடுப்புக்குள் பத்திரமாக இருந்த கோழியும், மூடியிருந்த பாத்திரத்துச் சாதமும் பின்னாலேயே போயின. சூப் எங்கே, கேக் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஏணி, கம்பம், சட்டை போர்த்திய விளக்கு என்றே பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ம் மாமா கழுத்து மாலையோடு சமையலறைக்குள் வந்தார். கையில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு. வெள்ளைத் தட்டில் சில்லுகளாகக் கிடந்த கத்தியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது என்ன கல்லும்மா?”

அந்தக் குடும்பத்தில் கல்லுக்காரியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். கல் இல்லை அண்ணே, கண்ணாடி; எரிமலையிலிருந்து வந்தது. இரும்பையே பார்த்திராத காலத்து ஆட்கள் இதில்தான் அம்பு முனை செய்தார்கள், முகம் மழித்தார்கள், வழவழவென்று தேய்த்து முகம் பார்த்தார்கள் என்றாள். அறுவை சிகிச்சைக்குக்கூட இதில் கத்தி செய்து பார்த்திருக்கிறார்கள் என்றாள். சில்லு ஒன்றை இடுக்கியில் எடுத்து விளக்குக்கு நேராகக் காட்டினாள். ம் மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“வெளிச்சம் உள்ள போயி வருதே! எங்க பழைய விளக்குக் கூண்டு மாதிரி. எல்லாம் ஒரே கறுப்புதானா, வேற நிறமும் உண்டா?”

“நிறைய உண்டு அண்ணே. பூ விழுந்தது இருக்கு, தங்கம் மின்னுறது இருக்கு…”

“கொட்டகைக்கு வந்தா காட்டுவியா?”

“எப்ப வேணும்னாலும் வாங்க.”

“ஏங்க,” என்றாள் வாசலில் நின்ற அண்ணி. குரல் வழக்கத்தைவிட ஒரு பிடி குறைந்திருந்தது. “நேரமாச்சு. வீட்டுக்குப் போற எண்ணம் இருக்கா?”

ம் மாமா சில்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இரு,” என்றார். “கேட்டுட்டு வரேன்.”

மாஸ்டர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.